நூற்றுப் பதினேழு ஓட்டைகள்

ஆரையம்பதியில் கஜானியைப் பற்றி யாரை விசாரித்தாலும் "கெட்டிக்காரப் புள்ள" என்றுதான் தொடங்குவார்கள். ஒரு மூச்சு விட்டு, "ஆனா ஒண்டையும் முடிக்கமாட்டா" என்பார்கள். இரண்டும் உண்மைதான். அவள் வீட்டு அலுமாரியின் தலையில் பன்னிரண்டு பைகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் தலையும் தோகையும் வந்து உடம்பு வராத மயில். தலையணை உறைக்கென்று தொடங்கியது. ஒன்றில் கை வைக்காத சட்டை. ஒன்றில் வெளிவாரிப் பட்டப்படிப்பின் குறிப்புகள், ஆறாம் பாடம் வரைக்கும். இன்னொன்றில் மகள் யதுர்ஷிகா வயிற்றில் இருக்கும்போது தொடங்கிய தொட்டில் விரிப்பு. யதுர்ஷிகாவுக்கு இப்போது பத்து வயது, இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகிறாள்.

அதற்காகக் கஜானியைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். உப தபாலகத்தில் அவளும் தபாலதிபரும் மட்டும்தான். கடிதம், பார்சல், பதிவுத் தபால், முதியோர் கொடுப்பனவு நாளில் வாசல் வரைக்கும் வரிசை என்று நாலரை மணி வரைக்கும் கை ஓயாது. வீட்டுக்கு வந்தால் அடுப்பு, உடுப்பு, மகளின் மாதிரி வினாத்தாள். இத்தனைக்கும் நடுவில் ஒன்றைத் தொடங்குவதற்கு மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ நேரம் கிடைத்துவிடும். முடிப்பதற்குத்தான் கிடைப்பதில்லை.

தை மாதத்தில் கனடாவிலிருந்து ஒரு பார்சல் அவளுடைய தபாலகத்துக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவள் அக்கா அஜந்தா. உள்ளே நாவற்பழ நிறத்தில் ஆறு உருண்டைக் கம்பளி நூல், நீளமான வயரின் இரண்டு முனையிலும் பூட்டிய பின்னல் ஊசி. கஜானி வீடியோ பார்த்துக் கம்பளி பின்னப் பழகியிருந்தாள். பழகிய கையோடு, அக்காவுக்குக் குளிருக்குப் போர்த்த ஒரு சால்வை பின்னித் தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டாள். அதற்குத்தான் இந்த நூல். பின்னாலேயே அக்காவின் குரலும் வட்ஸ்அப்பில் வந்தது. கனடா போயும், இந்தக் கரையில் பெண்களை உரிமையோடு அழைக்கும் 'கா' அவள் வாயை விட்டுப் போகவில்லை.

"நூல் கிடைச்சிதா கா? ஆடித் திருவிழாவுக்கு வருவன். திரும்பிப் போகக்குள்ள தந்தியெண்டா போத்திற்றுப் போவன். தராட்டியும் பரவால்ல. ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கடைசி வாக்கியத்தைக் கஜானி ஏழு தரம் கேட்டாள். அக்கா அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்திருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டு, அன்பாகச் சொல்லியிருந்தாள். அதுதான் சுட்டது. இதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான், முடித்துக் கையில் கொடுப்பது. அன்றைக்கே தொடங்கினாள்.

தொடங்குவதில் வழக்கம்போல ஒரு குறையும் இல்லை. அவள் தெரிந்தெடுத்த மாதிரியும் அப்படிப்பட்டது. முக்கோணச் சால்வை, நூற்று அறுபத்தெட்டு வரிசை, அதற்குள் நூற்றுப் பதினேழு பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை, சுற்றிவரச் சின்ன ஓட்டைகள். நூலை ஊசியில் ஒருமுறை கூடுதலாகச் சுற்றி, எண்ணி, வேண்டுமென்றே விடவேண்டிய ஓட்டைகள். எண்ணிக்கை ஒன்று பிசகினால் பூ இதழ் கோணும். தொடங்கும்போது ஊசியில் ஏழே ஏழு கண்ணி, ஏழு நூல் வளையம். போகப் போகக் கூடி, முடிவில் முன்னூற்றைம்பது. முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில் பதினாலு வரிசை போட்டுவிட்டு, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். பங்குனியில் ஒரு வரிசைக்கே இருபது நிமிடம் பிடித்தது. அவளைப் போன்றவர்களைப் பிடிப்பதற்கென்றே யாரோ யோசித்துச் செய்த பொறி போலிருந்தது அது.

கச்சான் காற்றுத் தொடங்கியதும் இன்னொரு தொல்லை. மேற்கிலிருந்து காய்ந்து வந்து முகத்தில் அறையும் அந்தக் காற்றுக்குள் கம்பளியை மடியில் வைத்திருப்பது லேசான வேலையில்லை. உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். கைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பின்னினாள். பகல் சாப்பாட்டு இடைவேளையில் தபாலகத்தின் பின்னறையில் ஒரு வரிசை, சோறு கொதிக்கும்போது அரை வரிசை, ரியூசன் வாசலில் மகளுக்குக் காத்திருக்கும்போது அரை வரிசை. ஆனியில் தபால் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு முழுவதும் கடிதங்கள் தேங்கிக் கிடக்க, கஜானி பதினொரு வரிசை முன்னேறினாள். தொழிற்சங்கத்தை அவள் அவ்வளவு மதித்தது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

அவளுடைய கணவன் சதீசன் களப்பில் மீன்பிடிக்கிறவன். பின்னேரம் தோணியில் போய் வலை விரித்து, விடியப் போய் எடுத்துக்கொண்டு வருவான். பகலில் முற்றத்துப் பூவரசு மரத்தின் கீழ் பாய் போட்டு, கிழிந்த வலையைப் பொத்துவான். வலை பொத்துவதில் அவனுக்குக் கரையோரம் முழுவதும் பெயர். நண்டு கடித்துக் குதறிய வலையை அவன் கையில் கொடுத்தால், எங்கே கிழிந்திருந்தது என்று பிறகு கொடுத்தவனுக்கே தெரியாது. பேச்சு அவனுக்குக் குறைவு. மனைவி தொடங்குவதையும் கைவிடுவதையும் பன்னிரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறான், ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

வைகாசியில் ஒரு நாள் அவள் சோற்றை வடிக்கப் போன இடத்தில் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவி, நாலு வரிசைக்குக் கீழே ஓடிவிட்டது. திரும்பி வந்து பார்த்தவள் அலறிவிட்டாள்.

"ஐயோ, ஓட்டை விழுந்திற்று! இஞ்சருங்க, இஞ்ச ஓட்டை விழுந்திற்று!"

சதீசன் எழும்பி வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, வலையூசியின் முனையால் நழுவிய கண்ணியை ஒவ்வொரு படியாகத் தூக்கி மேலே கொண்டுவந்து அவள் ஊசியில் கோத்துவிட்டான். இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

"ஒங்கட கை பொன் கை" என்றாள் கஜானி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனி ஓட்டையக் கண்டா நீங்கதான் பாக்கோணும்."

சொன்னவள் அதை மறந்துவிட்டாள். சதீசன் மறக்கவில்லை. பெண்சாதியிடம் பாராட்டு வாங்குவது அவனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, எப்படி மறப்பான்?

ஆடி பிறந்தது. அஜந்தா கணவனோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கினாள். ஏசி இல்லாமல் அத்தானுக்கு நித்திரை வராது என்று கல்லடியில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்தார்கள். படுக்கை அங்கே, பகல் சாப்பாடு தினமும் இங்கே. கஜானி விடியப் புறத்தில் எழும்பி ஏழெட்டுப் பேருக்குக் கறி சமைத்து மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வாறவர்களுக்குச் சதீசன் பரிமாறுவான். போகும்போது அக்கா ஒரு குறிப்பு விட்டுப்போவாள், அல்லது பின்னேரம் போன் எடுப்பாள்.

"எந்தளவில கா?"

"முடியப் போகுது."

"ஓம் ஓம்" என்று அக்கா சிரிப்பாள்.

ஆனால் இந்த முறை உண்மையாகவே முடியப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவை விமான நிலையத்துக்கு ஏற்ற வான் வரும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கஜானி நூற்று ஐம்பத்தெட்டாவது வரிசையை முடித்தாள். பூக்கள் எல்லாம் முடிந்துவிட்டன, கரை மட்டும் பத்து வரிசை. நூலும் கடைசி உருண்டைதான், ஆனால் கணக்குப் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை போட்டாலே போதும். அவளுக்கே நம்ப முடியவில்லை. அன்றைக்கு இறால் கறிக்கு உப்புப் போட மறந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சதீசன் தோணியைப் பைபர் பூசக் கொடுத்திருந்தான். ஞாயிறு வரைக்கும் தொழில் இல்லை. பொத்துவதற்கு வலையும் இல்லை, எல்லாம் பொத்தி முடிந்துவிட்டன. கை சும்மா இருந்து பழகாதவன் வீட்டைச் சுற்றி வந்தான். கதிரையில் பை கிடந்தது. சால்வையை எடுத்துப் பார்த்தான்.

பின்னல் வேலை ஊசியில் இருக்கும்வரை அழகாக இராது. வயரில் நெருங்கி, சுருங்கி, கசங்கித் தொங்கும். பூவென்று யாராவது சொன்னாலொழியப் பூ தெரியாது. சதீசனுக்குச் சொன்னவர் யாருமில்லை. அவன் வலை தெரிந்த கண்ணால் பார்த்தான். சின்னக் கண்கள் எல்லாம் ஒரே அளவாக, ஒழுங்காக இருந்தன. நல்ல வேலை. அவற்றுக்கு இடையில் அங்கங்கே பெரிய ஓட்டைகள். வலையில் ஒரே அளவான கண்களுக்கு நடுவே பெரிய ஓட்டை தெரிந்தால் அது கிழிசல். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

திங்கள் இரவு மகளின் வினாத்தாளோடு இருந்து பையைத் தொடாமலே படுத்த கஜானி, செவ்வாய்க்கிழமை நாலே முக்காலுக்குப் படலையைத் திறந்தபோது, பூவரசின் கீழ் தோய்த்துக் காய்ந்த உடுசாரம் ஒன்றை விரித்து, அதன்மேல் சால்வையைப் பரப்பி வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு நாளும் இல்லாத சிரிப்பு.

"கையக் கழுவிற்று வா. நான் மூண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் தொட்டன், மீன் மணக்கப்படாதெண்டு. வந்து பார்."

அவள் வந்து பார்த்தாள். பார்த்தது விளங்கவில்லை.

"நூத்திப் பதினேழு ஓட்டை" என்றான் சதீசன். "நேத்தும் இண்டைக்குமா, மச்சாளாக்கள் சாப்பிட்டுப் போன பிறகு இருந்து எல்லாத்தையும் பொத்திற்றன். சின்னக் கண்ணெல்லாம் அளவாக் கிடக்கு, அதில நான் கை வைக்கல்ல. எவ்வளவு பெரிய ஓட்டையெல்லாம் விட்டிருக்காய், என்னண்டு கா கவனிக்காமப் போனாய்? வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுற அவதியில கண்ணுக்குத் தெரியல்லயாக்கும் எண்டு நினைச்சன்."

"மிச்ச நூல் எங்க?" என்று கேட்டாள் கஜானி. அவளுடைய குரல் எங்கோ தூரத்தில் இருந்தது.

அவன் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தேசிக்காய் அளவில் இருந்தது.

"அது பூ" என்றாள்.

"எது?"

"பூ! அது ஓட்டையில்ல, பூ! நூத்திப் பதினேழு பூ!"

சதீசன் சால்வையைத் தூக்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். உண்மையாகவே தேடினான். "எங்க பூ?"

"நீங்க பொத்தினா எப்பிடித் தெரியும்? கண்டதெல்லாம் ஒங்களுக்கு வலைதானா? ஆறு மாசம், ஒவ்வொண்டா எண்ணி எண்ணி விட்டன். அக்கா முன்னால நான் இனி என்னத்தக் காட்டுற? ஆரு ஒங்களக் கேட்ட?"

கேட்டவள் அவள்தான். வைகாசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். சதீசன் அதைச் சொல்லவில்லை. எழும்பிக் கரைப்பக்கம் போய்விட்டான்.

கஜானி நகத்தால் ஒரு முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள். இரவு முழுவதும் நண்டும் ஓரா மீனும் இழுத்தாலும் அசையக்கூடாதென்று போடுகிற முடிச்சு அது. நகம்தான் உடைந்தது. அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். சால்வையை ஊசியோடு மடித்துப் பைக்குள் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"அம்மா, அதையும் மேலயா வைக்கப் போறிங்க?" என்று கேட்டாள் யதுர்ஷிகா. வினாத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டாள். அதில் கேலி இருந்திருந்தால் கஜானிக்கு அவ்வளவு வலித்திராது. பதின்மூன்றாவது பையை மேலே வைத்துவிட்டு இறங்கினாள். அன்றைக்குக் குழம்பு வைத்தாள், சீருடை தோய்த்தாள், கணவனுக்குச் சோறு போட்டாள். ஒரு சொல் பேசவில்லை.

புதன்கிழமை பின்னேரம் வேலையால் வந்தபோது அலுமாரியின் மேல் பன்னிரண்டு பைதான் இருந்தன. வெளியே எட்டிப் பார்த்தாள். சதீசன் மரத்தின் கீழ் தேசி மரத்து முள்ளொன்றைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அவனுடைய தொடையின்மேல் நாவல் நிறத்தில் நூல் துண்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. நாற்பது இருக்கும்.

"கட்டத் தெரிஞ்சவனுக்கு அவிழ்க்கத் தெரியாதா?" என்றான், தலையை நிமிர்த்தாமல். "இந்த முடிச்ச நேரா இழுத்தா இறுகும். கழுத்தப் பின்னால முறிச்சா கழலும்."

அவள் அடுப்படியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கோபம் குறைந்ததென்று அதற்கு அர்த்தமில்லை. தேத்தண்ணிக்கு நேரமாகியிருந்தது.

வியாழன் பின்னேரத்துக்குள் நூற்றாறு பூக்கள் திறந்துவிட்டன. பதினொன்று மட்டும் திறக்கவில்லை. கழுத்துப் பக்கத்தில், ஒரே இடத்தில் இருந்தன.

"இது வராது" என்றான் சதீசன். "முதல் முதல் போட்டது. ஒன்ட சாமான், பிழைச்சிரக் கூடாதெண்டு எச்சில் தொட்டு இறுக்கினன். மறுகா போட்டதெல்லாம் கை ஓட்டத்தில போட்டது, அதால கழண்டிற்று. இத வெட்டினா ஒன்ட பின்னலும் சேந்து போயிரும்."

கூடுதலாகக் கவனம் எடுத்துச் செய்த இடம்தான் திருத்த முடியாமல் போயிற்று. கஜானி அந்தப் பதினொன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். இறுகி, கட்டியாக இருந்தன.

பூக்கள் திரும்பி வந்தாலும் நூல் திரும்பி வரவில்லை. வந்ததெல்லாம் முழத் துண்டுகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் அவன் ஒரு முழம் வெட்டியிருந்தான். பத்து வரிசை போடத் தேசிக்காய் உருண்டை போதாது, நாவல் நிறக் கம்பளி மட்டக்களப்பு முழுவதும் தேடினாலும் கிடைக்காது. கஜானி அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் இரண்டு துண்டுகளைப் பெருவிரலுக்குக் கீழே வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். நகம்வெட்டியால் வால்களை ஒட்ட நறுக்கினான். அவளிடம் நீட்டினான். முடிச்சு கடுகளவுதான் இருந்தது.

"ஒன்ட ஊசிக்குள்ள போகுமா எண்டு பார்."

போயிற்று.

வெள்ளி பின்னேரமும் சனி பகலும் அப்படித்தான் கழிந்தன. அவன் ஒரு முழத்தோடு ஒரு முழம் முடிந்து முடிந்து முன்னால் போனான், அவள் அதைப் பின்னிக்கொண்டு பின்னால் வந்தாள். சனிக்கிழமை யதுர்ஷிகாவுக்குப் பரீட்சைக் கருத்தரங்கு. கஜானி அந்த மண்டப வாசலில் இருந்து ஒன்றரை வரிசை போட்டாள். நடுவில் முடிச்சிட்ட நூல் தீர்ந்துபோக, சதீசன் சைக்கிளில் பதினைந்து முழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அக்கா குடும்பத்துக்குக் கடைசிச் சாப்பாடு என்று நண்டு ஆக்கினாள். நண்டுக் கை கழுவின தேசிப்புளி மணம் போகும்வரைக்கும் காத்திருந்து மறுபடி ஊசியை எடுத்தாள். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. "நூல்" என்பாள். "இந்தா" என்பான். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு நூற்று அறுபத்தெட்டாவது வரிசை முடிந்தது. ஊசியில் முன்னூற்றைம்பது கண்ணிகள். கஜானி அவற்றைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?" என்றான் சதீசன்.

"முடிக்கத் தெரியாது" என்றாள்.

அது உண்மை. கண்ணிகளை ஊசியிலிருந்து எப்படி மூடி இறக்குவது என்று அவள் ஒரு நாளும் பழகியதில்லை. தொடங்குவது எப்படி என்று இருபது வீடியோவாவது பார்த்திருப்பாள். முடிப்பது எப்படி என்ற வீடியோவுக்கு இத்தனை நாளும் தேவை வரவில்லை. போனைத் தேங்காய் ஒன்றில் சாத்தி வைத்து அப்போதுதான் பார்த்தாள், நாலு தரம். பிறகு ஒவ்வொரு கண்ணியாக மூடி இறக்கினாள். கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து இறுக்கியபோது கையில் இரண்டு முழம் மிச்சமிருந்தது.

அந்த வீடியோவே இன்னொன்றும் சொல்லிற்று. முடித்ததும் சால்வையைத் தண்ணீரில் நனைத்து, நன்றாக இழுத்து விரித்துக் காயவைக்க வேண்டுமாம். இழுத்து விரித்துக் காயவைப்பதற்குச் சதீசனுக்கு வீடியோ தேவையில்லை. பாய்மேல் வெள்ளைச் சாரத்தை விரித்து, நனைத்த சால்வையை மூன்று மூலைக்கும் ஒரே இழுவையாக இழுத்து, கரை முழுவதும் தேசி முள்ளால் குத்தினான். கச்சான் ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்தது. ஒரு மணித்தியாலத்தில் சால்வை காய்ந்துவிட்டது.

சதீசன் பாயின் ஓரத்தில் குந்தியிருந்து பார்த்தான். சுருக்கமெல்லாம் விரிந்து, ஒவ்வொரு பெரிய ஓட்டையையும் சுற்றி ஆறு இதழ் திறந்திருந்தது. வரிசை வரிசையாக, கரை வரைக்கும் பூ.

"அட" என்றான். ஒரு இதழை விரலால் தொட்டுப் பார்த்து, "பூதான்" என்றான்.

கஜானி கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துப் பக்கத்துப் பதினொன்றிலும் அவளுடைய கண் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வான் கல்லடியில் அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்து படலையில் நின்றது. இங்கே கட்டிவைத்திருந்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கஜானி சால்வையைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தாள். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரீட்சை எழுதப்போவது மகளா அவளா என்று கேட்கலாம் போலிருந்தது.

அஜந்தா பிரித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். கனடாவில் இருந்தாலும் அவளும் இந்தக் கரையில் வலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள்தான். விரல் ஒவ்வொரு பெரிய ஓட்டையாகப் போய்ப் போய் நின்றது.

"வடிவாக் கிடக்கு கா" என்றாள். "இதுக்குள்ளதான் கொஞ்சம் ஓட்டை ஓட்டையா விழுந்திற்று, என்ன? பரவால்ல. ஒனக்கிருக்கிற வேலைக்க நீ இவ்வளவு செஞ்சதே பெரிய காரியம்."

அதே சிரிப்பு, அதே அன்பு. கஜானிக்குச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. பூவென்று இவளுக்கும் விளக்க வேண்டும், விளக்கினால் சாட்டுச் சொல்வது போலிருக்கும். இத்தனை வருடமும் சொல்லிப் பழகிய பதில், "ஓம் அக்கா, நேரம் கிடைக்கல்ல" என்பது, நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"அது ஓட்டையில்ல மச்சாள்" என்றான் சதீசன். பெட்டியொன்றைத் தோளில் வைத்தபடி வானின் பக்கத்தில் நின்றான். "பூ. தள்ளிப் பிடிச்சுப் பாருங்க. நூத்தியாறு பூ. நான் எண்ணினன்."

அஜந்தா கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். அவளுடைய முகம் மாறிற்று. பிறகு கழுத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள்.

"அப்ப இது? இந்த இடம் மட்டும் ஓட்டையே இல்லாம, நல்ல இறுக்கமா, ஒழுங்கா வந்திருக்கு..."

"அதுதான் ஓட்டை" என்றான் சதீசன். "அது நான் விட்டது."

பெட்டியை வானுக்குள் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கப் போனான். தன் கைவேலையைப் பிழையென்று அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து கஜானியின் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு நின்ற கோபம் அந்த இடத்தில்தான் விட்டது.

அஜந்தா தங்கச்சியைப் பார்த்தாள், போகிறவனின் முதுகைப் பார்த்தாள். விளங்கியதோ இல்லையோ, மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆடி மாதத்து உச்சி வெயிலில், கச்சான் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருக்க, கம்பளிச் சால்வையை விரித்துத் தோளில் போர்த்தினாள். கரையிலிருந்த கடுகு முடிச்சுகளைப் பெருவிரலால் நெருடிக்கொண்டே, "முடிச்சிற்றாய் கா" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஓம்" என்றாள் கஜானி. "முடிச்சிற்றன்."

வான் புறப்பட்டது. தெருமுனை திரும்பும்வரை அக்கா சால்வையைக் கழற்றவில்லை. கஜானி படலையைப் பிடித்துக்கொண்டு நின்று விம்மி விம்மி அழுதாள். அக்கா போகிறாளே என்றுதான் அழுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். யதுர்ஷிகாவும் அப்படித்தான் நினைத்தாள். சதீசன் மட்டும் அப்படி நினைக்கவில்லை.